கார்பெட் வாங்க முடியாதவர்களின் கார்பெட்: மரத்தரை ஓவியங்களின் கதை

போன மாதம் ஒரு டீ பந்தயத்தில் தோற்றுப்போனேன். அதிலிருந்து கிளம்பியதுதான் இந்தக் கட்டுரை.

நூலகத்தில் அமெரிக்கப் பழைய வீடுகளைப் பற்றிய ஒரு கனமான படப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தோம். நியூ இங்கிலாந்து பகுதியில் ஏதோ ஒரு கிராமத்து வீடு. கணப்பு அடுப்பு, இரண்டு நாற்காலி, தரையில் இலையும் பூவும் போட்ட அழகான கார்பெட். "கிராமத்து வீட்டில் இவ்வளவு பெரிய கார்பெட்டா, வசதியான ஆளுங்கதான் போல" என்றேன். பக்கத்தில் இருந்த என் வகுப்புத் தோழி படத்தை ஒரு முறைதான் பார்த்தாள். "டேய், அது கார்பெட் இல்லைடா. பெயிண்ட்."

பந்தயம் கட்டினேன். படத்துக்குக் கீழே பொடி எழுத்தில் போட்டிருந்த விளக்கத்தைப் படித்தோம். பெயிண்ட்தான். மரப்பலகைத் தரையின் மேல் நேராகப் பூசிய பெயிண்ட்.

எப்படிக் கண்டுபிடித்தாள்? அவள் அப்பா பெயிண்டர். சுவரில் பார்டர் அடிக்கத் தகட்டில் டிசைன் வெட்டுவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவள். வெட்டிய தகட்டில் பூவின் இதழும் காம்பும் ஒன்றோடொன்று ஒட்டாது, நடுவில் மெல்லிய இடைவெளி இருக்கும். அந்த இடைவெளி விடாவிட்டால் தகடே இற்று விழுந்துவிடும். படத்தில் இருந்த ஒவ்வொரு பூவிலும் அதே இடைவெளி இருந்தது. நான் பூவைப் பார்த்தேன், அவள் இடைவெளியைப் பார்த்தாள். அவ்வளவுதான் வித்தியாசம்.

பந்தயத்தில் தோற்றதைவிட எனக்கு உறைத்தது வேறொன்று. பழைய அமெரிக்க வீடு என்றாலே தேன் நிறத்தில் பளபளக்கும் வெறும் மரத்தரை என்றுதான் மனதில் ஒரு படம் வைத்திருந்தேன். சினிமாவிலும் அப்படித்தானே காட்டுகிறார்கள்? ஆனால் அந்தத் தேன் நிறப் பளபளப்பு பெரும்பாலும் 20-ம் நூற்றாண்டு ரசனை. அதற்கு முன் அந்தத் தரைகளில் நிறைய நிறம் பூசியவை, கோடும் கட்டமும் இலையும் போட்டவை. அதைச் சுரண்டி எடுத்தவர்கள் யார் என்று தேடப் போனால் கதை சுவாரசியமாக இருந்தது, கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது.

முதலில் பலகையிலிருந்து ஆரம்பிப்போம். நியூ இங்கிலாந்தில் குடியேறியவர்களுக்குத் தாராளமாகக் கிடைத்தது வெள்ளைப் பைன் மரம். நெடுநெடுவென்று வளரும், அறுக்க எளிது, அகலமான பலகை கிடைக்கும். (இந்த மரத்தை வைத்து அரசியலே நடந்திருக்கிறது. 1691-ல் மாசசூசெட்ஸுக்குக் கொடுத்த சாசனத்தில், தனியார் நிலத்தில் இல்லாத, 24 அங்குலமும் அதற்கு மேலும் குறுக்களவு உள்ள மரங்கள் எல்லாம் அரசருக்கு என்று எழுதிவிட்டார்கள். கடற்படைக்குப் பாய்மரம் வேண்டுமே! இந்தத் தகராறு முற்றி 1772-ல் நியூ ஹாம்ப்ஷயரின் வியர் என்ற ஊரில் கலவரமே வந்தது. அது தனிக் கட்டுரைக்கான விஷயம், இங்கே விட்டுவிடுகிறேன்.)

பைன் மரத்தின் குறை, அது மென்மையானது. நாற்காலிக் கால் பட்டால் தழும்பு விழும். சாப்பாட்டுக் கொழுப்பு சிந்தினால் உறிஞ்சிக்கொள்ளும். அந்தக் கறை போக மணலும் சாம்பல் காரமும் போட்டுத் தேய்க்க வேண்டும். தேய்க்கத் தேய்க்கப் பலகை தேயும், சிலும்பும். முட்டி போட்டு இதைச் செய்தது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. வீட்டுப் பெண்கள், வேலைக்காரப் பெண்கள், அடிமைகள் இருந்த வீட்டில் அவர்கள்.

பெயிண்ட் வருவதற்கு முன்னால் இன்னொரு வழக்கம் இருந்தது. கழுவிக் காய்ந்த தரையில் வெள்ளை மணலைத் தூவி, துடைப்பத்தால் அதில் வளைவும் மீன்முள் மாதிரியான கோடும் இழுத்து வைப்பார்கள். ஆட்கள் நடக்க நடக்க அந்த வரிகள் கலைந்துவிடும், மணல் அழுக்கையும் எண்ணெயையும் பிடித்துக்கொள்ளும். பிறகு பெருக்கித் தள்ளிவிட்டு வேறு மணல். இதைப் படித்ததும் மார்கழி வாசல் ஞாபகம் வராத தமிழ் ஆள் இருக்க முடியுமா!

மணல் செய்த அதே வேலையை நிரந்தரமாகச் செய்ய வந்ததுதான் எண்ணெய்ப் பெயிண்ட். 18-ம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து 19-ம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இதற்கு நல்ல காலம். செய்முறை எளிதுதான், உழைப்புதான் அதிகம். இன்றைக்கு மாதிரி டப்பாவைத் திறந்து பூச முடியாது. கலந்து தயாராக விற்கும் பெயிண்டுக்கு அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியதே 1867-ல்தான். அதற்கு முன் நிறப்பொடியைக் கல்லில் வைத்து, ஆளிவிதை எண்ணெய் விட்டு, குழவி மாதிரி ஒரு கல்லால் அரைக்க வேண்டும். சிவப்புக்கும் மஞ்சளுக்கும் காவி மண். கறுப்புக்கு விளக்குப் புகைக் கரி. வெள்ளைக்கு ஈய வெள்ளை. ஆளிவிதை எண்ணெய் தண்ணீர் போல ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு தானே கெட்டிப்பட்டுத் தோல் மாதிரி ஆகிவிடும். ஈயம் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம் காயும். அந்தத் தோல்தான் பலகைக்குக் கவசம். கொழுப்பு சிந்தினால் ஈரத் துணியால் துடைத்தால் போதும்.

ஆக, தரைக்குப் பெயிண்ட் அடித்ததில் அழகுக்கு முன்னால் வந்தது முட்டிவலி. இதை எல்லாப் புத்தகங்களும் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. எனக்கென்னவோ இதுதான் முக்கியக் காரணமாகப் படுகிறது.

சரி, அடிக்கிற பெயிண்டை ஒரே நிறமாக அடிப்பானேன் என்று தோன்றுமல்லவா? தோன்றியிருக்கிறது. ஐரோப்பிய மாளிகைகளில் கறுப்பும் வெள்ளையுமாகச் சலவைக்கல் கட்டங்கள் போட்ட தரை இருந்தது. அதே கட்டத்தைப் பைன் பலகையில் பெயிண்டால் போட்டார்கள். சிலர் ஈரம் காயும் முன்பே இறகாலோ தூரிகையாலோ நரம்பு நரம்பாக இழுத்து, சலவைக்கல் மாதிரியே ஆக்கினார்கள். கட்டத்தைச் சுவருக்கு இணையாகப் போடாமல் மூலைவாட்டில் சாய்த்துப் போட்டால் சின்ன அறையும் அகலமாகத் தெரியும். இது அன்றைக்கே தெரிந்திருக்கிறது.

இதற்கு ஒரு சித்தப்பா மகன் உண்டு: பெயிண்ட் அடித்த கித்தான். பாய்மரத்துக்கான முரட்டுத் துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, பசை தடவி, நுரைக்கல்லால் தேய்த்து, பெயிண்டை ஒரு கோட் மேல் ஒரு கோட்டாக ஏற்றி, வாரக்கணக்கில் மாதக்கணக்கில் காயவிட்டு, மேலே டிசைன் போடுவார்கள். தரையிலேயே வரைந்தால் வீடு மாறும்போது விட்டுவிட்டுப் போக வேண்டும். கித்தானைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போகலாம். நியூயார்க்கிலும் மாசசூசெட்ஸிலும் ஆளுநராக இருந்த வில்லியம் பர்னெட் 1729-ல் இறந்தபோது அவர் சொத்துப் பட்டியல் எடுத்தார்கள். அதில் மேசைக்குக் கீழே விரிக்கும் பழைய கட்டம் போட்ட கித்தான் இரண்டும், அறை அளவுக்குப் பெரிய பெயிண்ட் கித்தான் ஒன்றும் இருக்கின்றன. 'பழைய' என்று எழுதியிருக்கிறார்கள் என்றால், 1729-க்குப் பல வருடம் முன்பே வாங்கியிருக்க வேண்டும்.

கவனியுங்கள், அவர் ஆளுநர். அப்படியானால் இதை ஏழைகளின் கார்பெட் என்று மட்டும் சொல்ல முடியாது. தலைப்பில் அப்படி வைத்துவிட்டேன், பாதி உண்மை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் பெரிய ஆள் ஒருவர் இருக்கிறார், தாமஸ் ஜெஃபர்சன். வெர்ஜீனியாவில் மாண்டிசெல்லோ என்று தனக்குத் தானே வடிவமைத்துக்கொண்ட வீட்டின் வரவேற்பறைத் தரையில், செர்ரி மரக் கட்டங்களைச் சுற்றி பீச் மரச் சட்டம் வைத்து நுணுக்கமான பதிப்பு வேலை செய்தார். அதை அடுத்த முகப்புக் கூடத்துக்கு என்ன செய்வது? 1805-ல் கில்பர்ட் ஸ்டூவர்ட் என்ற புகழ்பெற்ற ஓவியரிடம் உருவப்படத்துக்காக உட்கார்ந்தபோது இதைப் பற்றிப் பேச்சு வந்திருக்கிறது. புல் மாதிரி பச்சை அடியுங்கள் என்றார் ஸ்டூவர்ட். கதவைத் திறந்தால் வெளியே இருக்கும் புல்வெளி அப்படியே உள்ளே வந்த மாதிரி இருக்கும் என்று கணக்கு. ஸ்டூவர்ட் கையிலேயே வண்ணத் தட்டு இருந்ததால், அந்தப் பச்சையைக் கலந்து காட்டச் சொல்லி, ஒரு காகிதத்தில் தடவி, வீட்டு வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த தச்சர் ஜேம்ஸ் டின்ஸ்மோருக்குக் கடிதத்தோடு அனுப்பினார் ஜெஃபர்சன். இன்றைக்குக் கடையில் ஷேட் கார்டு வாங்கி வருகிறோமே, அதேதான். ஆனால் ஷேட் கார்டு போட்டுக் கொடுத்தவர் ஜார்ஜ் வாஷிங்டனை வரைந்தவர்!

வாஷிங்டன் நகரத்தில் குடியரசுத் தலைவர் மாளிகையில் இருந்தபோதும் அவர் சாப்பாட்டு அறையில் பச்சைப் பெயிண்ட் அடித்த கித்தான்தான் விரித்திருந்தார். கீழே நல்ல மரத்தரை. அதில் எண்ணெய் சிந்தக் கூடாது, சிந்தினால் தேய்க்க வேண்டும், தேய்த்தால் தரை கெடும் என்பதே காரணம். தரை கெடும் என்ற கவலை இருக்கிறது, தேய்ப்பவர் கை கெடும் என்ற கவலையை எங்கும் காணோம். மாண்டிசெல்லோவில் அடிமைகளாக இருந்தவர்களில் பர்வெல் கோல்பர்ட் என்பவர் வீட்டு நிர்வாகத்தோடு பெயிண்ட் வேலையும் கண்ணாடி பொருத்தும் வேலையும் கற்றவர். ஜெஃபர்சன் 1826-ல் இறந்தபோது உயில் மூலம் விடுதலை பெற்ற வெகு சிலரில் ஒருவர். ஆனால் அந்த வீட்டுக் கதையைச் சொல்பவர்கள் பச்சைத் தரை என்றதும் ஸ்டூவர்ட் பெயரைத்தான் சொல்கிறார்கள்.

இனி என் கதாநாயகனுக்கு வருகிறேன். ரூஃபஸ் போர்ட்டர், பிறப்பு 1792, இறப்பு 1884. ஊர் ஊராகச் சுற்றி வீட்டுச் சுவர்களில் மரமும் மலையும் துறைமுகமும் வரைந்தவர். 1825-ல் நியூ ஹாம்ப்ஷயரின் கான்கார்ட் நகரில் ஒரு சின்னப் புத்தகம் வெளியிட்டார். பயனுள்ள வினோதக் கலைகள், பரிசோதனைகள் என்று கைக்கு வந்ததையெல்லாம் போட்ட கதம்பம். அதில் தரையிலும் கித்தானிலும் கார்பெட் மாதிரி உருவம் பதிக்கும் முறை இருக்கிறது. கெட்டி அட்டையில் பூவோ கொடியோ வரை. பேனாக்கத்தியால் வெட்டி எடு. ஓட்டை விழுந்த அட்டையைத் தரையில் வை. விறைப்பான தூரிகையால் வேகமாகக் குத்திக் குத்திப் பூசு. அட்டையைத் தூக்கினால் பூ முழுசாகத் தரையில் இருக்கும். நம்ம ஊர்த் தெருவில் தலையில் கூடை வைத்து விற்கும் கோல அச்சு எப்படி வேலை செய்கிறதோ அப்படி.

இதில் எனக்குப் பிடித்தது, வரையத் தெரியாதவனும் தன் வீட்டுத் தரையைத் தானே அலங்கரித்துக்கொள்ளலாம் என்ற எண்ணம். தொழில் ரகசியத்தைக் காசுக்குப் புத்தகமாக விற்றுவிட்டார் மனிதர். சக பெயிண்டர்கள் திட்டியிருப்பார்கள்! இதே போர்ட்டர்தான் 1845 ஆகஸ்டில் 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' பத்திரிகையைத் தொடங்கியவர். நம்பவே முடியவில்லை, இரண்டு தடவை சரிபார்த்தேன். ஒரு வருடம்கூட நடத்தாமல் விற்றுவிட்டு, ஆகாயக் கப்பல் கட்டக் கிளம்பிவிட்டார். தரையில் ஆரம்பித்து வானத்துக்குப் போன ஆள்.

போர்ட்டராவது புத்தகத்தில் பெயர் போட்டுக்கொண்டார். மற்றவர்கள்? ஊருக்குள் வருவார்கள், தங்க இடமும் சாப்பாடும் கொஞ்சம் காசும் வாங்கிக்கொண்டு வரைவார்கள், அடுத்த ஊருக்குப் போய்விடுவார்கள். தரையில் யாரும் கையெழுத்துப் போடுவதில்லை. மோசஸ் ஈட்டன் என்ற தந்தையும் அதே பெயருடைய மகனும் நியூ இங்கிலாந்தில் சுவர்களில் ஸ்டென்சில் அடித்தவர்கள். மகன் இறந்தது 1886-ல். வெகுகாலம் கழித்து நியூ ஹாம்ப்ஷயரில் அவர் வீட்டுப் பரணில் ஒரு பெட்டி கிடைத்தது. உள்ளே 78 ஸ்டென்சில்கள், தூரிகைகள். எல்லாம் சேர்த்தால் 40 டிசைன். அட்டை விளிம்பில் காய்ந்த பெயிண்ட் அப்படியே ஒட்டியிருந்தது. அந்தப் பெட்டி கிடைத்ததால்தான் எத்தனையோ வீடுகளின் அலங்காரத்தை 'இது ஈட்டன் கை' என்று அடையாளம் சொல்ல முடிந்தது. ஜேனட் வேரிங் என்ற பெண்மணி இந்த ஸ்டென்சில்களைத் தேடித் தேடிப் பதிவு செய்து 1937-ல் புத்தகமாகப் போட்டார். அவர் போன்றவர்கள் இல்லையென்றால் இந்தக் கட்டுரையே இல்லை.

பிறகு இந்தக் கலை ஏன் போயிற்று? காரணம் எந்திரம்தான். 1840-களில் எராஸ்டஸ் பிக்லோ கார்பெட் நெய்யும் விசைத்தறியை வெற்றிகரமாக ஓட்டிக் காட்டினார். கார்பெட் விலை இறங்கியது. அசல் கைக்கு எட்டும்போது போலி எதற்கு? 1860-களில் இங்கிலாந்தில் ஃபிரெடெரிக் வால்ட்டன் லினோலியம் கண்டுபிடித்தார். அதற்கு மூலப்பொருள் என்ன தெரியுமா? அதே ஆளிவிதை எண்ணெய்! லினம் என்றால் ஆளி, ஓலியம் என்றால் எண்ணெய். பெயிண்ட் கித்தானின் தொழிலை அதன் சொந்த எண்ணெயே காலி செய்துவிட்டது. நூற்றாண்டின் கடைசியில் ஓக் போன்ற கடின மரத்தை எந்திரத்தில் அறுத்து மெல்லிய பட்டைகளாகப் போட ஆரம்பித்ததும், மரத்தின் ரேகையைக் காட்டுவதே கௌரவம் என்றாகிவிட்டது.

இடையில் தப்பிப் பிழைத்தது ஒரு வகை: சிதறல் தரை. அடர்ந்த நிறத்தில் ஒரு பூச்சு, அது காய்ந்ததும் தூரிகையைப் பெயிண்டில் தோய்த்துக் குச்சியில் தட்டினால் பல நிறப் புள்ளிகள் சிதறும். தூசி தெரியாது, தேய்ந்தாலும் தெரியாது. கேப் காட் பக்கம் பிரபலம். இதைக் காலனிக் காலத்து வழக்கம் என்று பலர் நம்புகிறார்கள், பெரும்பாலும் 19-ம் நூற்றாண்டின் பிற்பாதியிலும் அதற்குப் பிறகும் பரவியது அது.

இப்போது அந்தச் சுரண்டல் கதை. 1876-ல் அமெரிக்கா சுதந்திரத்தின் நூறாம் ஆண்டைக் கொண்டாடியதை ஒட்டி, பழைய வீடுகள் மேல் ஒரு மோகம் வந்தது. 20-ம் நூற்றாண்டில் வசதியுள்ளவர்கள் பழைய பண்ணை வீடுகளை வாங்கிப் புதுப்பிக்க ஆரம்பித்தார்கள். அவர்கள் மனதில் முன்னோர் என்றால் எளிமை, எளிமை என்றால் வெறும் மரம். தரையில் நாலைந்து அடுக்குப் பெயிண்ட் இருந்தால், பின்னால் வந்த ரசனை கெட்டவர்கள் பூசிய அசிங்கம் என்று நினைத்தார்கள். மின்சார இழைப்பு எந்திரத்தை ஓட்டி, அடியில் இருந்த மஞ்சள் பைனை வெளியே கொண்டுவந்து, மேலே வார்னிஷ், பிற்காலத்தில் பாலியூரிதேன் பூசினார்கள். அதைப் பழைமை என்று பெருமையாகக் காட்டினார்கள். முன்னோர் பார்த்தே இராத தரை அது! பழைமையை நேசிக்காதவர்கள் பழைய தரை மேல் லினோலியத்தை ஒட்டிவிட்டுப் போனார்கள், அடியில் கோலம் பத்திரமாக இருந்தது. நேசித்தவர்கள் கையில்தான் அழிந்தது.

இன்னொன்றும் நடந்தது. அந்தப் பெயிண்டில் இருந்தது ஈயம். எந்திரம் போட்டு இழைத்தபோது அது பொடியாகி, இழைத்தவர் மூச்சிலும் அந்த வீட்டுக் குழந்தைகள் கையிலும் வாயிலும் போயிற்று. வீட்டுப் பெயிண்டில் ஈயத்தை அமெரிக்கா தடை செய்தது 1978-ல். இந்தியாவில் 90 பிபிஎம் என்ற உச்சவரம்பு நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில். இதைத் தோழியிடம் சொன்னேன். அவள் அப்பா இருபத்தைந்து வருடமாகச் சுவரை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறார், முகத்தில் ஒரு துண்டு கட்டிக்கொண்டு. அவள் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

இப்போது ஆராய்ச்சியாளர்கள் இழைப்பதில்லை. ஊசிமுனை அளவுக்குப் பெயிண்டைப் பெயர்த்து, நிமிர்த்தி வைத்து, நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். மர வளையம் மாதிரி ஒவ்வொரு பூச்சும் அடுக்காகத் தெரியும். எங்கே தேடுவது என்பதற்கும் கணக்கு இருக்கிறது. அறையின் நடுவில் ஒன்றும் கிடைக்காது, எல்லாம் நடந்தே தேய்ந்திருக்கும். சுவரோரம், கதவுக்குப் பின்பக்கம், சுவரோடு பதித்த அலமாரிக்கு உள்ளே. அங்கேதான் இழைப்பு எந்திரமும் போய்ச் சேராது.

டீ கடனைத் தீர்த்த அன்று அந்தப் புத்தகத்தை மறுபடி எடுத்துப் பார்த்தோம். வாசலிலிருந்து கணப்பு அடுப்பு வரை ஒரு ஆள் நடக்கும் அகலத்துக்குப் பூக்களே இல்லை, வெறும் பலகை. அடுப்புக்கு முன்னால் மட்டும் இரண்டு வட்டமாக, இன்னும் ஆழமாகத் தேய்ந்திருந்தது. முதலில் பார்த்தபோது எனக்கு அதுவும் தெரியவில்லை. "நின்னு சமைச்ச இடம்" என்றாள் அவள்.